கழுத்தில் இறங்கிய ஆத்தா

கல்யாண வீடுகளில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு இரக்கப்படுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. மஞ்சள் கயிறும் அதில் கோர்த்த தாலியும் தவிர அங்கே வேறொன்றும் கிடக்காது. காதில் பொட்டு அளவுக்கு ஒரு தோடு, அதுவும் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவேன். ரவிக்கையில் கொக்கி வைக்க மாட்டேன், துணிப் பொத்தான்தான். கைக்கடிகாரம் கட்டினால் மணிக்கட்டு வட்டமாகச் சிவந்து மறுநாளே நீர் கோத்துக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் ஒருவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். நகையில் கலக்கிற நிக்கல் என்கிற உலோகம் சிலருடைய உடம்புக்கு ஆகாதாம், அலர்ஜியாம். ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் விடாதாம்.

"சின்ன வயசுல கவரிங் நகை ஏதும் போட்டிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். வெளியே அத்தனை பேர் சீட்டோடு காத்திருக்கும்போது அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அவர் களிம்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சொல்லில் குற்றம் இருந்தால் படிக்கிறவர்களும், எங்கள் மாரியாத்தாளும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மெயின் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அத்தை வீடு. அப்பாவின் அக்காள் அவர். சின்ன வயதிலேயே தாயை இழந்த அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் குழம்புக்கு என்ன காய் போடுவது என்பது வரைக்கும் அவர் சொல்வதுதான். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அவர் வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விட்டால் பகல் பூராவும் அவருக்கு எங்கள் வீடுதான். அம்மா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தோடும் சங்கிலியும் பட்டுப்பாவாடையும் அவர் சீராகக் கொண்டுவர வேண்டும். என் தாய்மாமா, அம்மாவின் அண்ணன், டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிறவர். அந்தக் கரிசல் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பூமி. ஒவ்வொரு மாசியிலும் "அடுத்த மாசிக்கு வச்சுக்குவோம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மூளிக்காதி' என்று பெயர் விழுந்துவிட்டது. வீட்டிலோ அத்தை, அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்:

"உங்க அண்ணனுக்கு மடியில எடமில்லையா, இல்ல கையில சீரில்லையா? எது இல்லைன்னு கேட்டுச் சொல்லு. மடிதான் இல்லைன்னா நான் வேற மடி பாத்துக்குறேன்."

அம்மா இதை அண்ணன் காதுக்கு எட்ட வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்த வருஷம் சிவராத்திரி முடிந்து மாமா வந்தேவிட்டார். உசிலம்பட்டிக்கு மேற்கே கண்மாய்க் கரையில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலுக்கு, கொட்டு முழக்கத்தோடு, பழத்தட்டும் பாவாடைத் தட்டுமாக வெள்ளைச் சட்டையில் அவர் வந்த வரவை நான் இன்னும் மறக்கவில்லை. நகைப் பெட்டியைத் திறந்ததும் சிவப்புத் துணியில் இரண்டு தோடும், மயில் டாலர் வைத்த ஒரு சங்கிலியும் பளபளவென்று கிடந்தன. அத்தை சங்கிலியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"கல்லுப்பட்டியான் பரவாயில்லையே!" என்றார். அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவின் முகம் அன்றைக்குப் பூத்துப்போய்விட்டது.

காது குத்துகிற ஆசாரி தோட்டைக் கையில் வாங்கினார். அதைப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். "பல்லக் கடிச்சுக்க தாயி" என்று என் காதைப் பிடித்தார். மாமாவின் மடி நடுங்கிக்கொண்டே இருந்தது. எனக்காகப் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாமா அம்மாவைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லிவிட்டார். இதை எனக்கு அம்மா சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. சங்கிலியும் தோடும் பவுன் இல்லை, கவரிங். பருத்தி எடுத்ததும் அதே மாதிரி பவுனில் செய்து, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவது என்று அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். அதுவரைக்கும் வெளியே தெரியாமல் காப்பாற்றிவிட்டால் போதும். தெரிந்தால், அம்மா அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. அண்ணன் எங்கள் வாசல் மிதிக்க முடியாது.

ஊருக்குத் திரும்பியதுமே சோதனை வந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அந்தச் சங்கிலியக் குடு. கொஞ்ச நாளைக்கு அடகுல வச்சுட்டு கடைக்கு ரெண்டு சைக்கிள் சேத்துக்குறேன். சித்திரை பிறந்ததும் திருப்பிருவேன்" என்றார். அடகுக் கடையில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் கதை முடிந்தது.

"பிள்ளை ஆசையாப் போட்டுருக்கு. காது ஆறுற வரைக்குமாவது கிடக்கட்டுமே" என்றாள் அம்மா.

அப்பா பிள்ளை கழுத்தில் கிடப்பதைப் பிடுங்குகிற மனுஷர் இல்லை. விட்டுவிட்டார். என் கழுத்துதான் அந்தச் சங்கிலிக்குப் பத்திரமான இடம் என்று அம்மா முடிவு செய்தது அப்போதுதான். குளிக்கும்போதும் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போட்டு அனுப்பினாள். அம்மாவுக்கு என்மேல் இம்புட்டுப் பிரியமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மூளிக்காதி என்றவர்கள் எல்லாம் வரிசையில் நின்று என் மயில் டாலரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

முதலில் காதுதான் சீழ் வைத்தது. புதுக் காது அப்படித்தான் இருக்கும் என்று மஞ்சளைக் குழைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் போட்டார்கள். ஆறுவது போல் ஆறும், மறுபடி வீங்கும். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கழுத்தில் வேர்க்குரு மாதிரி ஒரு அரிப்பு தொடங்கியது. பிறகு சிவப்பாகத் தடித்தது. பிறகு பொடிப் பொடியாக நீர்க் கொப்புளம். நெஞ்சில் டாலர் கிடந்த இடத்தில் வட்டமாக ஒரு புண். அம்மா பழைய வேட்டியைக் கிழித்து நாடா மாதிரி மடித்துச் சங்கிலிக்கு அடியில் செருகிவிட்டாள். விளையாடும்போது அது நழுவிவிடும். இல்லாவிட்டாலும் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொள்ளும்.

"கழட்டிரும்மா, அரிக்குது" என்று அழுவேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கத்தா. என் ராசாத்தில்ல" என்பாள். சொல்லும்போது அவள் கண் கலங்கும். நான் வலியில் அழுகிறேன், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

வகுப்பில் டீச்சர் என்னைத் தனியாகச் சுவரோரம் உட்கார வைத்தார். "சொறி ஒட்டிக்கும், நீ அங்கிட்டே இரு" என்றார். மயில் டாலரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள், நான் தண்ணீர் குடித்த தம்ளரைத் தொடாமல் குழாயில் கையேந்திக் குடித்தார்கள். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, பாவாடை நாடாவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். உடம்பு என்பது ஒளித்து வைக்க வேண்டிய ஒன்று என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அந்தச் சுவரோரத்தில்தான்.

அத்தை எத்தனை நாளைக்குப் பார்க்காமல் இருப்பார்? ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட வந்திருந்தபோது என்னைக் கூப்பிட்டுத் தலை வாரப்போனவர், சட்டையின் பின் கழுத்தை விலக்கினார்.

"அடியாத்தி! என்னடி இது, பிள்ளைக் கழுத்து வெந்து கிடக்கு? கழட்டுடி இந்தச் சங்கிலிய மொதல்ல!"

"இங்கிட்டுக் குடுக்கா, நான் பெட்டியில வச்சுப் பூட்டுறேன்" என்று அப்பாவும் கை கழுவிக்கொண்டு வந்தார். அத்தையின் விரல் கொக்கியில் போய்விட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். கையில் கரண்டி. அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"கழட்டாதீங்க மதினி! பிள்ளைக்கு ஆத்தா வந்துருக்கா!"

அத்தையின் கை நெருப்பைத் தொட்டது போல விலகியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின் சந்தில் அப்போது இரண்டு வீட்டில் அம்மை கண்டு, வாசலில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "ஆத்தா எறங்குன ஒடம்புல கழுத்த மூளியாக்கக் கூடாதுல்ல மதினி?" என்று அம்மா மெல்லிய குரலில் சேர்த்துச் சொன்னாள். "அதெப்படி ஆக்குறது? கிடக்கட்டும், கிடக்கட்டும். தாயே, தெரியாமத் தொட்டுட்டேன்" என்றார் அத்தை.

அன்று சாயங்காலமே எங்கள் வாசலிலும் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்தினார்கள். தெருப் பெண்கள் குளித்து ஈரச் சேலையோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மோர் வந்தது, இளநீர் வந்தது, கேப்பைக்கூழ் வந்தது. "ஆத்தா குடிக்கிறாளா? ஆத்தாளுக்குப் போதுமான்னு கேளு" என்று மரியாதையாகப் பேசினார்கள். நேற்று வரைக்கும் சொறி என்று விலகி இருந்த கழுத்தை இன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

நானும் நம்பினேன். முழுசாக நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டு ஆத்தா உள்ளே எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடிப்பார்த்தேன். அரிப்புத் தாங்காதபோது அவளிடமே கெஞ்சினேன்: "ஆத்தா, கழுத்துலயே இருக்காத ஆத்தா. கொஞ்சம் கீழ எறங்கி முதுகுல போய் உக்காந்துக்க." நகத்தால் சொறியக் கூடாது, வேப்பங்கொத்தால்தான் தடவ வேண்டும் என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அந்தப் பச்சைப் புண்ணின்மேல் பூசியபோது உயிர் போய் வந்தது. சங்கிலி மட்டும் அதன் இடத்தில் அப்படியே கிடந்தது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள், அப்பாகூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கும்பிட்டார். அம்மா மட்டும் கும்பிடவில்லை. யாராவது என் காலில் விழுந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பெற்ற தாய் மகளைக் கும்பிட வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பிற்பகல், அம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரம். அத்தை வந்தார். கதவைச் சாத்தினார். என் கால்மாட்டில் உட்கார்ந்தார். பொசுக்கென்று என் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் குடுத்த, எனக்கு மட்டும் ஏந் தாயே கண்ணத் தொறக்கல? அவளுக்குப் பிள்ளை இருக்குங்குற காந்தல்லதான் நான் வாயடிக்குறேன். எனக்கே தெரியும் தாயே. ஒண்ணே ஒண்ணு குடு. பொட்டப்பிள்ளையாக் குடுத்தாக்கூடச் சரி. இனிமே அவள ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். குடுப்பியா? ஒரு வார்த்தை சொல்லு."

அத்தை அழுது நான் பார்த்ததில்லை. கூச்சத்தில் எனக்கு உடம்பு குறுகிப்போனது. போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அரிப்பு பிடுங்கியது. சொறியக் கூடாது என்பதால், தலையை மேலும் கீழும் அசைத்துச் சங்கிலியிலேயே கழுத்தைத் தேய்த்துக்கொண்டேன்.

"தலையசைச்சுட்டியா! தாயே!" என்று அத்தை என் இரண்டு காலையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நாலைந்து பெண்களோடு அத்தை வந்தார். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. முகத்தில் அப்படியொரு தெளிச்சி. தன் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அது அவருடைய கல்யாணச் சங்கிலி, சுத்தப் பவுன்.

"ஆத்தா எனக்கு வாக்குக் குடுத்துட்டா. இதை அவ கழுத்துல போட்டு, தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்கிக் கழட்டிக் கோயில் உண்டியல்ல சேக்கப்போறேன்" என்றார். என்ன வாக்கு என்று சொல்லவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வேணாம் மதினி, பெரிய சங்கிலி, பிள்ளை உறுத்துதும்பா…"

"பிள்ளையா? ஆத்தாளுக்கு உறுத்துமாடி!" என்று சிரித்தபடி அத்தை என் கழுத்தில் போட்டார்.

போட்டதும் இரண்டு சங்கிலியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. சிக்கலை எடுப்பதற்காக அத்தை இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆசாரியும் தேவைப்படவில்லை, உரைகல்லும் தேவைப்படவில்லை. ஒன்று மஞ்சளாக மின்னியது. மற்றொன்று, வேர்வையும் மஞ்சளும் தின்றதில், இடையிடையே செம்பு பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மயிலின் முதுகு வெளுத்துப் போயிருந்தது. சங்கிலி கிடந்த இடத்தில் என் தோலில் பச்சையும் கறுப்புமாக ஒரு கோடு.

அத்தை என்னை எழுப்பி நிறுத்தினார். என் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கைகளைத் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு அம்மை முத்து இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், நெஞ்சில் டாலர் அளவுக்கு ஒரு வட்டம், இரண்டு காது. அத்தனை பெண்கள் நடுவில் சட்டையில்லாமல் நின்ற எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

"ஏக்கா, ஆத்தா என்ன, சங்கிலி கிடக்குற தடம் பாத்தா எறங்குவா?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன் சங்கிலியைப் பிரித்து எடுத்துக்கொண்டு அத்தை அம்மாவிடம் போனார். மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: "ஒனக்குத் தெரியுமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய இது கால்ல விழ விட்டியா?"

கூட வந்த பெண்கள், எல்லாரும் விழுந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். சாத்திய கதவுக்குள் அவர் விழுந்த விழுகை எனக்குத்தான் தெரியும். அத்தை என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தான் அவிழ்த்துக் காட்டியதை நான் பார்த்துவிட்டேனே என்கிற கூச்சம் இருந்தது. உடனே அதை மூடி மறைக்கிறது போல வாசலுக்குப் போய்த் தெருவே கேட்கச் சத்தம் போட ஆரம்பித்தார்:

"பாருங்கடி கூத்த! கல்லுப்பட்டியான் போட்ட பித்தளைக்கு இந்தத் தெருவே கூழு காய்ச்சி ஊத்திருக்கு! பித்தளையக் கும்பிட்ட கையக் கழுவிட்டுப் போங்கடி எல்லாரும்!"

வாசல் வேப்பிலையை அவரே இழுத்துப் போட்டார்.

விதி பாருங்கள், மருமகளுக்கு அம்மை கண்டிருக்கிறது என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, அன்றைக்குத்தான் மாமா பஸ் ஏறி வந்து சேர்ந்தார். தோளில் இளநீர்க் குலை. கையில் மாதுளம்பழம். அம்மை கண்ட வீட்டுக்குள் நுழைவதற்காகக் காலைக் கழுவிக்கொண்டு, "மருமகளே, ஆத்தா என்னா சொல்றா?" என்று சிரித்தபடிதான் வந்தார். அக்காள் சத்தம் கேட்டுக் கடையிலிருந்து வந்திருந்த அப்பா வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கிழிந்த வேப்பிலை கிடந்தது. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. இளநீரை இறக்கி வைத்துவிட்டுத் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்பா சத்தம் போடவில்லை. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருக்கலாம்ல மச்சான்? நீங்க வெறுங்கையோட வந்து காதுல ஒரு ஈர்க்குச்சியச் செருகிவிட்டுருந்தாலும் எனக்குப் போதுமே" என்றார்.

"மாப்ள… ஊர் கூடுற எடத்துல…" என்றார் மாமா.

அவரேதான் என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். கொக்கி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும் நான் போட்ட கூச்சலில் அவர் கை நின்றுவிட்டது. குனிந்து, "மாமன் ஊதவா தாயி?" என்று கேட்டுவிட்டு, அந்தப் புண்ணின்மேல் மெதுவாக ஊதினார். சந்து முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். காதுத் தோடுகளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஈரக் காலோடு போய்விட்டார். பையில் அந்தச் சங்கிலி ஆடிய சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

எனக்கு அப்போது இருந்த வருத்தமெல்லாம் என் தோலைப் பற்றித்தான். எங்கள் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் கவரிங் தோடு போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கழுத்து மட்டும் ஏன் இப்படி? பருத்தி எடுக்கிற வரைக்கும் இது கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருந்தால் மாமா இப்படித் தலை குனிந்து போயிருக்க மாட்டார், அம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டாள். என் உடம்புதான் காட்டிக்கொடுத்துவிட்டது என்று குன்றிப்போனேன். டாக்டர் பெயர் சொல்கிற வரைக்கும், ஏன், சொன்ன பிறகும்கூட, அந்தக் குன்றல் என்னை விட்டுப் போகவில்லை.

அன்று விளக்கேற்றும் நேரத்தில் அப்பா அம்மாவிடம், "சங்கிலி போனாப் போகுது, விடு. சாமிய எதுக்கு இழுத்த?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. விளக்குக்கு முன்னாலும் அன்று அவள் கை கூப்பவில்லை.

சங்கிலி போனதும் கழுத்து ஆறிவிட்டது. புண் காய்ந்து கறுப்பாக ஒரு தடம் மட்டும் நின்றது. தெருவும் சிரித்து ஓய்ந்தது. அப்போதுதான் எங்கள் பகுதி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் என்று நாள் குறித்துச் சாட்டினார்கள். தீச்சட்டி எடுக்கிறவர்கள் காப்புக் கட்டுகிற அன்று, அம்மாவும் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு ஐயோ என்று இருந்தது. "அம்மையே வராத வீட்டுல தீச்சட்டியாம்ல!" என்று குழாயடி மறுபடி சிரித்தது. மறந்துபோன கழுத்தை எல்லாரும் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரை ஊக்குக் குத்தி மூடிக்கொண்டேன். அந்த ஊக்கு பட்ட இடமும் அரித்தது.

சட்டி எடுக்கிற நாளில் அம்மா மஞ்சள் சேலையை நனைத்துக் கட்டியிருந்தாள். இரண்டு கையிலும் வேப்பிலை வைத்து, அதன்மேல் கனல் எரிகிற சட்டி. வெறுங்காலோடு அந்த வெயிலில் நடந்தாள். நான் வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் குடத்தோடு வந்து, சட்டி எடுப்பவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் சந்து வந்தது. அத்தை வீடு வந்தது. அன்றைக்கு நடந்ததிலிருந்து அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. அம்மாவோடு ஒரு பேச்சு இல்லை. கதவு சாத்தியிருக்கும் என்று நினைத்தேன். திறந்திருந்தது. அத்தை குடத்தோடு நின்றார். சாமிக்கு ஊற்றாமல் இருக்க முடியுமா?

குனிந்து, அம்மாவின் காலை மட்டும் பார்த்தபடி தண்ணீர் ஊற்றினார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"எதுக்குடி இந்தச் சட்டி? வராத ஆத்தாளுக்கா?"

கனலின் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்: "வரலைல்ல மதினி. அதுக்குத்தான்."

அத்தையின் குடம் அப்படியே நின்றது. பிறகு மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், அம்மாவின் காலில் மெதுவாக ஊற்றினார். கொப்புளம் கட்டியிருந்த அந்தக் காலைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார்.

அம்மா சொன்னதற்கு எனக்கு உடனே அர்த்தம் புரிந்துவிட்டதாகத்தான் அந்த வயதில் நினைத்தேன். எனக்கு அம்மை வராமல் காப்பாற்றினாள் அல்லவா, அந்த நன்றிக்காகத்தான் இந்தச் சட்டி. எவ்வளவு நல்ல ஆத்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அழுதுகொண்டே நடந்த அம்மாவின் முகத்துக்கு நேராக, புகை கண்ணில் படுகிறது என்று, வேப்பங்கொத்தால் கோயில் வரைக்கும் விசிறிக்கொண்டே போனேன்.